எடுத்துக்காட்டின் மறுபாதி

செப்டம்பர் 8, ஞாயிறு

இந்த நோட்டில் மை ஊறுகிறது. அடுத்த முறை வேறு கடையில் வாங்க வேண்டும்.

ஆராதனை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் மேபல் வந்துவிட்டாள். எட்டாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவள். சென்னையில் இருபது வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, அப்பா தங்கையாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பியவள். எப்சிபா படுக்கையில் கிடந்த பதினொரு மாதமும் காலையும் மாலையும் வந்து கவனித்தவள் அவள்தான். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் பேசுவார்கள்; என் மனைவியின் கடைசி நாள்களைப் பற்றி என்னைவிட அவளுக்கு அதிகம் தெரியும்.

"சார், ஒன்பதாம் வார்டுல நிக்கப் போறேன். நீங்கதான் முன்மொழிஞ்சு கையெழுத்துப் போடணும்."

"எந்தக் கட்சிம்மா?"

"என்னை எந்தக் கட்சிக்காரன் சேப்பான்? சுயேச்சைதான். தெற்குத் தெரு கிணத்துக்கு இருபதடி தள்ளிக் குப்பைக் கிடங்கு வரப்போவுது சார். குடிக்கிற தண்ணி. ஜெயசிங் அண்ணன் திரும்பவும் கவுன்சிலரா வந்தா அடுத்த மாசமே லாரி வந்துரும். அப்புறம் இந்த வார்டே ஆஸ்பத்திரி வார்டுலதான் படுத்துக் கிடக்கும்."

சிரித்துவிட்டேன். கையெழுத்துப் போடுவதாகச் சொன்னேன். நன்னாரி சர்பத் கலந்து கொடுத்தேன். அவள் காப்பி, தேநீர் தொடுவதில்லை. சென்னையில் இருக்கும்போது ஓர் அமெரிக்க சபையில் சேர்ந்தாள். பிற்காலப் பரிசுத்தவான்கள் சபை என்பது அதன் பெயர், வெளியார் மார்மன் என்பார்கள். வேதாகமத்தோடு அவர்களுக்கு இன்னொரு புத்தகமும் உண்டு. காப்பியும் தேநீரும் மதுவும் புகையிலையும் ஆகாது. ஊரில் இது தெரிந்தவர்கள் தங்கையாவும் எப்சிபாவும் நானும்தான். ஞாயிறுதோறும் அவள் மத்தியான பஸ்ஸில் திருநெல்வேலி போவதை ஏதோ டியூட்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவள் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வார்டில் ஆயிரத்து நூறு ஓட்டு. அதில் எழுநூறுக்கு மேல் எங்கள் வேதக்கோயிலும், பெந்தெகொஸ்தே ஜெபவீடும். அவர்கள் சாய்கிற பக்கம்தான் வெற்றி.

அலமாரி மேல்தட்டின் சாவி இன்றும் அகப்படவில்லை. தேடவும் இல்லை.

செப்டம்பர் 12, வியாழன்

வேட்புமனு கொடுத்தாயிற்று. என் கையெழுத்து நடுங்காமல் விழுந்தது. காலை வெறும் வயிற்றில் சர்க்கரை 158.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் மேபலோடு வீடு வீடாகப் போனேன். வாக்காளரைச் சந்திப்பது வகுப்பு எடுப்பதைப் போலத்தான். கடைசி வரிசையில் இருக்கிறவன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். மேபலுக்கு அது இயல்பாக வருகிறது. யாருக்கு மூட்டுவலி, யாருக்கு ரத்த அழுத்தம் என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

மேலத் தெருவில் அவளுடைய சித்தி வீட்டில் மோர் கொடுத்தார்கள்; குடித்தாள். எனக்கு அங்கே காப்பி, அடுத்த வீட்டில் இன்னொரு காப்பி. பிறகு தெற்குத் தெரு. அந்தத் தெருக்காரர்களும் எங்கள் சபைதான். என் சிறுவயதில் கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். இப்போது அப்படி ஒன்றும் இல்லை. ரத்தினபாய் வீட்டில் தட்டில் இரண்டு தம்ளர் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். அவளுடைய பையன்கள் இரண்டு பேரும் என் மாணவர்கள்.

"வேண்டாம்க்கா, நான் காப்பி குடிக்கிறதில்ல" என்றாள் மேபல். வெயிலில் தொண்டை வறண்டிருந்ததால், பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். நான் சர்க்கரை என்று சொல்லி மறுத்துவிட்டேன். ரத்தினபாய் இரண்டு தம்ளரையும் அப்படியே உள்ளே எடுத்துப் போனாள்.

நல்ல வரவேற்பு. கால் வீக்கம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

ரேஷன் கடை வரிசையில் ரத்தினபாய் என் காதில் விழும்படியே பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "மேலத் தெருவுல மோர் இறங்குச்சாம். நம்ம தெரு காப்பி மட்டும் தொண்டைக்குள்ள இறங்காதாம். தண்ணியும் வீட்டுல இருந்தே கொண்டாந்துட்டா மகராசி."

"அந்தக் காலத்துல நமக்குக் கொட்டாங்குச்சி. இப்ப அவங்களுக்கு பாட்டில்" என்றாள் மற்றவள்.

துவரம்பருப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள்.

செப்டம்பர் 18, புதன்

மேபலிடம் சொன்னேன்.

"ஐயோ சார். எனக்குத் தோணவே இல்ல. தண்ணியாவது அவங்ககிட்ட கேட்டு வாங்கிக் குடிச்சிருக்கணும்." பையிலிருந்த பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். "நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. இவ யாரு வீட்டுலயும் காப்பி குடிக்க மாட்டா, எங்க வீட்டுலயும் குடிச்சதில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"ஏன்னு கேட்டா?"

"உள்ளதச் சொல்லுங்க சார். எங்க சபையில குடிக்கிறதில்லன்னு."

"எந்த சபைன்னு கேப்பாங்கம்மா. வேற புத்தகம், வேற தீர்க்கதரிசின்னு அது எங்க போய் நிக்கும் தெரியுமா? தேர்தல் முடியட்டும்."

"நானும் இயேசுவத்தான சார் கும்பிடுதேன்."

எனக்கு அது தெரியாதா. எனக்குத் தெரிந்து என்ன, எழுநூறு பேருக்குத் தெரிய வேண்டுமே. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

செப்டம்பர் 19, வியாழன்

ரத்தினபாய் வீட்டு வாசலில் நின்று சொன்னேன்: "மேபலுக்கு வயித்துல புண். அல்சர். காப்பி பட்டா எரியும். டாக்டர் தண்ணியக்கூட காய்ச்சித்தான் குடிக்கணும்னு சொல்லிட்டார். தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் முகம் உடனே மாறியது. "அட பாவமே! அந்தப் பிள்ளை சொல்லக்கூடாதா? நாங்க என்னென்னமோ பேசிட்டோமே சார்."

முப்பத்தாறு வருடம் வகுப்பறையில் நின்றவன் சொன்னால் நம்புகிறார்கள். திரும்பும்போது கால் லேசாக இருந்தது. நோயாளிக்கு மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுப்பதில்லையா? அதைப் போன்றதுதான் இதுவும்.

செப்டம்பர் 21, சனி

மேபலுக்கு ஏணிச் சின்னம். தெற்குத் தெருவில் இரண்டு வீட்டுச் சுவரில் அவர்களாகவே ஏணி வரைந்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 23, திங்கள்

ரத்தினபாய் மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் எடுத்துக்கொண்டு மேபல் வீட்டுக்கே போயிருக்கிறாள், வயிற்றுப் புண்ணுக்கு நல்லது என்று. மேபல் என்ன என்று கேட்டிருக்கிறாள். இவள் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "எனக்குப் புண்ணெல்லாம் இல்லக்கா. எங்க சபையில காப்பி குடிக்க மாட்டோம்" என்று நடு வீட்டில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

அப்புறம் எந்த சபை என்ற கேள்வி.

செப்டம்பர் 24, செவ்வாய்

மேபல் வந்தாள். உட்காரவில்லை.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"உனக்காகத்தான்."

"எனக்காக என் வாயில பொய்ய வச்சுட்டீங்களே சார். இப்ப நான் ஓட்டுக்காக சபையை மறைச்சேன்னு பேசுதாங்க. நான் எங்க மறைச்சேன்?"

சர்பத் கலக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் போய்விட்டாள். நானே குடித்தேன். சர்க்கரை 201.

செப்டம்பர் 26, வியாழன்

மாலை சபைக் கமிட்டிக் கூட்டம். பதினான்கு பேர் வந்திருந்தார்கள். ஜெயசிங்கும் கமிட்டியில் உண்டு. குருவானவர் நியாயமாகத்தான் ஆரம்பித்தார்: "யாருக்கு ஓட்டுப் போடணும்னு சபை சொல்லாது. ஆனா ஜனங்க என்கிட்ட கேக்காங்க, அவங்க நம்ம விசுவாசமான்னு. சார் முன்மொழிஞ்சவங்க. சாரே விளக்கிட்டா நல்லது."

நான் எழுந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னேன். ஆய்வகத்தில் இருக்கும் இரண்டு சீசாக்களைப் பற்றி. முழுவதும் சொல்லி முடிப்பதற்குள் ஜெயசிங் ஏதோ கேட்டான். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கூட்டம் ஜெபத்தோடு முடிந்தது. வரும்போது தூறல். மாடியில் காயப்போட்ட மிளகாயை அள்ளி உள்ளே வைத்தேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

முடி வெட்டப் போனேன். கடையில் இருந்தவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். "சார் நேத்து ஒரே போடா போட்டுட்டீங்களாமே! வெளிய தண்ணின்னு சீட்டு, உள்ள சாராயம்!"

"நான் அப்படிச் சொல்லல."

"சும்மா இருங்க சார், காலையில எங்க ஜெபவீட்டுல பாஸ்டரே எடுத்துச் சொன்னாரு. எத்தன ஆழமான விளக்கம்னு எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுத் தலைய ஆட்டுதாங்க."

வாழ்க்கையில் ஒரு சொட்டுச் சாராயம் தொடாதவளுக்கு இந்தப் பெயர். பாதி முடியோடு எழுந்து வர முடியாது. உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 28, சனி

வியாழக்கிழமைக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். சரியாக எழுதவில்லை.

நான் சொன்னது இது. ஆய்வக மேசையில் இரண்டு சீசா. இரண்டிலும் நிறமில்லாத திரவம். இரண்டிலும் தண்ணீர் என்று ஒரே சீட்டு. ஒன்றில் தண்ணீர், மற்றதில் ஸ்பிரிட். சீட்டு ஒன்றாக இருப்பதால் உள்ளே இருப்பதும் ஒன்றுதான் என்று சொல்ல முடியுமா? இந்த இடத்தில் நான் நிறுத்துவது வழக்கம். வகுப்பு யோசிக்கட்டும் என்று நிறுத்துவேன். பிறகு மறுபாதி: ஆனால் பிள்ளைகளே, விளக்கை எரிக்க வேண்டுமென்றால் எந்தச் சீசாவை எடுப்பீர்கள்? தண்ணீரை ஊற்றினால் திரி எரியுமா? ஆக, என்ன வேலைக்கு என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கவுன்சிலர் வேலை கிணற்றைக் காப்பாற்றுவது, பிரசங்கம் செய்வது அல்ல. இதைத்தான் சொல்ல எழுந்தேன்.

நிறுத்திய இடத்தில் ஜெயசிங் கேட்டான்: "உங்க வீட்டம்மாவும் கடைசியில அந்த ரெண்டாவது சீசாவுலதான் குடிச்சாங்கன்னு பேசிக்கிடுதாங்களே, மெய்யா சார்?"

யாரோ சிரித்தார்கள். எப்சிபாவின் உடலைக் குளிப்பாட்ட வந்த பெண்களில் எவளோ தலையணைக்கடியில் மேபல் சபையின் நீல அட்டைப் புத்தகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அன்றே நான் அதை எடுத்து அலமாரி மேல்தட்டில் போட்டுப் பூட்டினேன்.

மறுபாதியைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான், "சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு" என்று உட்கார்ந்துவிட்டேன். கோபம் எல்லாம் இல்லை. தொண்டை கட்டியிருந்தது.

செப்டம்பர் 30, திங்கள்

குருவானவரைப் பார்த்து மறுபாதியைச் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா முதல் பாதி ஊருக்குள்ள போயிட்டுதே" என்றார். அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டேன். அக்டோபர் பத்தாம் தேதி. தேர்தல் ஐந்தாம் தேதி.

வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். முழங்கால் வலி.

அக்டோபர் 5, சனி

வாக்குப்பதிவு. பள்ளிக்கூடத்தில், நான் பாடம் எடுத்த அதே அறை. வெளியே நூறு மீட்டர் தள்ளி மேபல் வேப்பமரத்தடியில் நின்று எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். எனக்கும் சொன்னாள். சுவர்களில் வரைந்த ஏணிகளின் மேல் சுண்ணாம்பு பூசியிருந்தது.

அக்டோபர் 8, செவ்வாய்

ஜெயசிங் 391. மேபல் 372. பத்தொன்பது ஓட்டு.

தெற்குத் தெருவில் மட்டும் நூற்று நாற்பது ஓட்டு உண்டு.

அக்டோபர் 21, திங்கள்

முதல் குப்பை லாரி வந்தது. காற்று தெற்கிலிருந்து அடிக்கிறது. ஜன்னலைச் சாத்தினேன். கொடியில் கிடந்த வேட்டியில்கூடக் குப்பை எரிகிற புகை நாற்றம்.

அக்டோபர் 27, ஞாயிறு

கோயில் வாசலில் ரத்தினபாயை நிறுத்தினேன். கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"காய்ச்சித்தான் குடிக்கோம் சார். நீங்க சொன்ன அல்சர் டாக்டர் அதத்தான சொன்னாரு?"

அந்தக் குத்தை வாங்கிக்கொண்டேன். பிறகு சொன்னேன்: "மேபல் உங்க வீட்டுல காப்பி குடிக்காதது சாதிக்காக இல்ல ரத்தினபாய்."

"அது எப்பவோ தெரிஞ்சு போச்சு. அவ சபை அவளுக்கு. அவ யாரு வீட்டுலயும் குடிக்க மாட்டா." கையில் இருந்த பாட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். "நீங்க ஏன் சார் குடிக்கல?"

"எனக்குச் சர்க்கரை..."

"மேலத் தெருவுல சர்க்கரை இல்லையாக்கும்? ரெண்டு வீட்டுல குடிச்சீங்களாமே. என் மூத்தவன் ஒண்ணாப்பு படிக்கும்போது எங்க தெருவுக்கு வர ஆரம்பிச்சீங்க. ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தீங்க, ஓட்டுச் சீட்டு குடுக்க வந்தீங்க, அவன் பரீட்சையில பாஸானப்ப சந்தோஷம் சொல்ல வந்தீங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சிருப்பீங்களா? அந்தப் பிள்ளைய நாங்க கேட்டோம். உங்கள நாங்க யாரும் கேக்கல. வாத்தியாருன்னு விட்டுட்டோம்."

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். ஒரு முறையாவது இருக்கும் என்று. ஞாபகம் வரவில்லை.

நவம்பர் 2, சனி

அலமாரிச் சாவி பைபிள் உறைக்குள்தான் இருந்தது. நான்தான் வைத்தேன். அது எனக்கு எப்போதும் தெரியும்.

நவம்பர் 3, ஞாயிறு

நீலப் புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு மேபல் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அட்டைப்பெட்டிகள். தங்கையாவையும் அழைத்துக்கொண்டு அவள் சென்னைக்கே போகிறாள். பழைய ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"உக்காருங்க சார். காப்பி போட்டுட்டு வாறேன்."

"உன் வீட்டுல காப்பியா?"

"அப்பா குடிப்பாங்கல்லா. தினம் போடுறதுதான்."

ஒரு வாய் குடித்ததும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு வருடமாக நானே போட்டுக் குடிக்கிற கழுநீர் அல்ல. எப்சிபாவின் காப்பி.

"சரியா இருக்கா சார்? நான் ருசி பாக்க மாட்டேன்லா. அளவு மட்டும்தான் தெரியும். ரெண்டு கரண்டி தூள், பாலு கொதிக்கக் கூடாது, கால் கரண்டி சீனி."

"சீனியா? எனக்குச் சீனியே கிடையாதே."

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "கால் கரண்டி உண்டு. அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க. 'அவருகிட்ட இல்லன்னு சொல்லு, நம்பிருவாரு. சுத்தமா இல்லன்னா அன்னைக்கு முழுக்க மூஞ்சத் தூக்கி வச்சுக்கிடுவாரு'ன்னாங்க."

"கதவச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் இதத்தான் பேசினீங்களா?"

"பின்ன? இட்லி மாவுக்கு அளவு, உங்க மாத்திரை எந்த டப்பா, எந்த வேட்டி விசேஷத்துக்கு, எல்லாம் சொன்னாங்க. அவங்க போனப்புறம் உங்களுக்குச் சொல்லணும்னு எழுதிக்கூட வச்சிருந்தேன். நீங்கதான் அடக்கத்துக்கு அப்புறம் என்னை வீட்டுக்கு வர வேண்டாம்னுட்டீங்க." ஒரு பெட்டியின் மூடியை மடித்துக்கொண்டே கேட்டாள்: "நீங்க என்ன பேசுதோம்னு நெனச்சீங்க சார்?"

துண்டைப் பிரித்துப் புத்தகத்தை மேசைமேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த முகத்தை மாணவர்களிடம் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறைகூட அதைப் பார்க்கப் பயந்ததில்லை.

"நான் குடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க" என்றாள் மெதுவாக. "'நீ ஆசையாக் குடுக்கே, அதனால வச்சுக்கிடுதேன். ஆனா நான் என் கோயில்லதான் அடங்குவேன்'னு சொன்னாங்க. ஒரு பக்கம்கூட வாசிக்கல சார்."

மன்னிப்புக் கேட்டேன். எடுத்துக்காட்டு எதுவும் சொல்லவில்லை. அவள் பெட்டிமேல் இருந்த ஒரு காகிதக் கட்டை எடுத்துக் கொடுத்தாள். கிணற்றைப் பற்றிக் கலெக்டருக்கு எழுதிய மனு. தெற்குத் தெருவில் இன்னும் கையெழுத்து வாங்கவில்லை.

"நான் போனா போடுவாங்களோ என்னமோ. நீங்க போனா போடுவாங்க சார்."

காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

நவம்பர் 5, செவ்வாய்

மேபல் காலை ரயிலில் போய்விட்டாள். ஸ்டேஷனுக்குப் போகவில்லை. தெற்குத் தெருவுக்குப் போனேன்.

முதல் வீடு ரத்தினபாய் வீடு. "எனக்குக் கொஞ்சம் காப்பி தாங்க" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். "சீனி?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. போடச் சொன்னேன். காய்ச்சிய கிணற்றுத் தண்ணீரின் மேல் லேசாகப் புகை வாடை. குடித்தேன். அவள் மனுவை எழுத்துக்கூட்டிப் படித்துக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு அந்த இரண்டு சீசாக் கதையின் மறுபாதியைச் சொன்னேன். விளக்கு, திரி, எந்த வேலைக்கு எது என்பதெல்லாம். முழுவதும், நிறுத்தாமல், ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

ரத்தினபாய் பொறுமையாகக் கேட்டாள். தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நல்ல பாடம் சார். பரீட்சை முடிஞ்சு போச்சே" என்றாள்.

அடுத்த வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள்.